மூவாயிரம் வெள்ளியில் ஒரு விண்கலம்: சிங்கப்பூர் ஈசூன் வாசகருக்குப் பதில்

கேள்வி: நானும் மூன்று நண்பர்களும் சேர்ந்து தமிழில் ஓர் அறிவியல் புனைகதைக் குறும்படம் எடுக்கப்போகிறோம். கையில் 3,000 வெள்ளி இருக்கிறது. பூமியை விட்டுக் கிளம்பிய பெரிய விண்கலம் ஒன்றில் பழுதுபார்க்கும் வேலை செய்யும் பெண்ணின் கதை. திரைக்கதை 28 பக்கம். கலத்தின் ஒன்பது பகுதிகள், ஒரு ரோபோ, கூட்டமாக மக்கள் கலத்தில் ஏறும் காட்சி, முடிவில் அவள் விண்வெளியில் மிதந்தபடி பழுதைச் சரிசெய்வது என்று எழுதியிருக்கிறேன். எல்லாருக்கும் முழுநேர வேலை, வார இறுதியில்தான் எடுக்க முடியும். 1,800 வெள்ளிக்கு ஒரு பழைய கேமரா கிடைக்கிறது. அதை வாங்கலாமா, இல்லை பச்சைத் திரை, விளக்கு என்று செலவிடலாமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

கேமராவும் வேண்டாம், பச்சைத் திரையும் வேண்டாம். உங்கள் நால்வரில் யாரிடமாவது கடந்த நாலைந்து ஆண்டுகளுக்குள் வந்த நல்ல கைப்பேசி இருந்தால் அதுவே போதும். பணம் போகவேண்டிய இடங்கள் வேறு. அதைச் சொல்வதற்கு முன் திரைக்கதையில் கைவைக்க வேண்டும். இவ்வளவு சிறிய தொகையில் எடுக்கும் படத்தின் சிக்கனம் கடையில் பேரம் பேசுவதில் வராது. எதைக் காட்டப்போவதில்லை என்பதை எழுதும்போதே முடிவு செய்வதில்தான் வரும்.

28 பக்கத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு பேர் கொண்ட குழு, விளக்கைத் திருத்தி, கேமராவை இடம் மாற்றி, ஒரு நாளில் ஒழுங்காக எடுத்து முடிப்பது 12 முதல் 15 ஷாட்டுகள். அது ஏறக்குறைய மூன்று பக்கம். அப்படியானால் உங்களுக்கு ஒன்பது, பத்து நாள் வேண்டும். ஐந்து வார இறுதிகள். மூன்றாவது வாரத்தில் ஒருவருக்கு ஷிப்ட் மாறும், நடிகை முடி வெட்டிக்கொள்வார், வீட்டுக்காரர்கள் வரவேற்பறையைத் திரும்பக் கேட்பார்கள். சிறு படங்கள் பாதியில் நிற்பது பெரும்பாலும் இப்படித்தான். எனவே 12 நிமிடப் படம், நான்கு நாள், அடுத்தடுத்த இரண்டு வார இறுதிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்பது ஆங்கிலத் திரைக்கதை வடிவத்துக்கு ஏற்பட்ட கணக்கு, தமிழ்ப் பக்கத்துக்கு அது ஒத்துவராது. வசனத்தை நடித்து வாசித்து நேரம் பாருங்கள். வசனமில்லாத செயல்களையும் எழுந்து நடந்து, கதவைத் திறந்து மூடி அளந்து பாருங்கள். எழுதும்போது இரண்டு வரியாக இருந்தது நாற்பது விநாடி எடுக்கும்.

ஒன்பது இடத்தை மூன்றாக்குங்கள்: ஒரு நடைபாதை, காற்றுப்பூட்டு அறை (கலத்திலிருந்து வெற்றிடத்துக்கு வெளியேறும் அறை), சன்னல் உள்ள ஒரு மூலை. கூட்டம் ஏறும் காட்சியை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக உங்கள் கதையிலேயே காசு கேட்காத அறிவியல் ஒன்று இருக்கிறது. அதுதான் தூரம். வானொலி அலை ஒளியின் வேகத்தில்தான் போகும். நிலவுத் தொலைவில் ஒரு சொல் வந்துசேர 1.3 விநாடி. செவ்வாய் என்றால், கோள்கள் இருக்கும் நிலையைப் பொறுத்து, ஒருவழிக்கே 3 முதல் 22 நிமிடம். நெப்டியூன் தொலைவில் ஏறக்குறைய 4 மணி நேரம். மகள் கலத்தில், அம்மா ஈசூனில். முதல் உரையாடலில் இருவர் பேச்சும் ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றன. அடுத்ததில் "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் அவள் ஒரு வால்வைக் கழற்றித் துடைத்து மாட்டிவிடுகிறாள். அதற்கடுத்து உரையாடலே இல்லை, இரு பக்கமும் பதிவுசெய்த குரல்கள் மட்டும். கலம் எவ்வளவு பெரியது, எவ்வளவு தூரம் போய்விட்டது என்பதை ஒரு வெளிக்காட்சியும் இல்லாமல் பார்ப்பவர் உணர்ந்துகொள்வார்.

இதை எடுக்கும் முறையும் எளிது. அம்மாவின் வசனங்களை முதலில் தனியாகப் பதிவுசெய்யுங்கள். நிலவுத் தொலைவுக் காட்சியில் மகள் பேசி முடித்த பிறகு, சொல் போக 1.3, பதில் வர 1.3 என்று 2.6 விநாடி மௌனம் விட்டு அந்தப் பதிவை ஒலிக்கவிடுங்கள். நடிகை உண்மையிலேயே காத்திருக்க வேண்டும், "காத்திருப்பதுபோல் நடி" என்று சொன்னால் அது முகத்தில் தெரிந்துவிடும். எடிட் செய்பவருக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். வெட்டும் பழக்கத்தில் கை முதலில் போவது மௌனத்துக்குத்தான், உங்கள் கதையோ அந்த மௌனத்தில்தான் இருக்கிறது. ஒவ்வொரு காட்சித் தலைப்பிலும் கலத்தின் தூரத்தையும் தாமதத்தையும் எழுதிவிட்டால் படப்பிடிப்பில் குழப்பம் வராது.

2004ஆம் ஆண்டு சன்டான்ஸ் திரைப்பட விழாவில் பெரும் பரிசு பெற்ற 'பிரைமர்' சுமார் 7,000 அமெரிக்க டாலரில் எடுக்கப்பட்ட முழுநீளப் படம். அதில் காலப்பயண எந்திரம் ஒரு பெட்டி. அது இருப்பது ஒரு வாடகைக் கிடங்கு அறை. பார்ப்பவருக்கு அந்தப் பெட்டியின் விதிமுறைதான் வியப்பு, அதன் தோற்றம் அல்ல. உங்கள் கலத்துக்கும் அப்படி ஒரு விதி இருக்க வேண்டும். மேலே சொன்ன தாமதமே அந்த விதியாக இருக்கலாம்.

கலத்துக்குள் எல்லாரும் ஏன் நடக்கிறார்கள், மிதக்கவில்லையா என்று யாராவது கேட்பார்கள். கலம் சுழல்கிறது என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். 224 மீட்டர் ஆரமுள்ள வளையம் நிமிடத்துக்கு இரண்டு சுற்றுச் சுற்றினால் விளிம்பில் நிற்பவருக்குப் பூமியில் உள்ள எடை கிடைக்கும். அந்த வளையத்தின் வெளிப்புறத்தில் நின்று பழுதுபார்க்க முடியாது, கை நழுவினால் வீசி எறியப்படுவாள். ஆகவே வெளிவேலை சுழலாத நடு அச்சில் நடக்கட்டும்.

இனி செட். 1990களின் பிற்பகுதியிலிருந்து கட்டப்பட்ட வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் எல்லாரும் சாமான் அடைத்து வைத்திருக்கும் பாம் ஷெல்ட்டர், அதாவது குண்டுவீச்சுக்கு ஒதுங்கும் அறை, இருக்கிறதல்லவா, வேறு ஊர்க் குறும்படக்காரர் பலருக்கும் வீட்டுக்குள்ளேயே கிடைக்காத காற்றுப்பூட்டு அறை அது. கனத்த இரும்புக் கதவு, திருகி இறுக்கும் கைப்பிடி, சன்னலில்லாத கான்கிரீட் சுவர். சாமானை வெளியே எடுத்துவிட்டு, கதவருகே ஒரு சிவப்பு விளக்கும், சுவரில் இரண்டு குழாயும் வைத்தாலே பாதி வேலை முடிந்தது. சுவரில் துளை போடுவதற்குக் குடிமைத் தற்காப்புப் படையின் விதிகள் உண்டு, எனவே எதையும் சுவரில் பொருத்தாமல் தானாக நிற்கும் சட்டத்தில் மாட்டுங்கள். ஆள் உள்ளே இருக்கும்போது கதவை முழுதாகப் பூட்டவே கூடாது. உள்ளே காற்றோட்டம் மிகக் குறைவு, விளக்கு எரிந்தால் சில நிமிடங்களிலேயே புழுங்கும், கைப்பேசி சிக்னலும் போய்விடலாம். கதவு மூடும் ஷாட்டை வெளியிலிருந்து, உள்ளே ஆள் இல்லாமல் எடுங்கள். உள்ளே நடப்பதைக் கதவு திறந்திருக்க, கேமராவை வாசலில் வைத்து எடுங்கள். எதிரெதிர் கான்கிரீட் சுவர் என்பதால் குரல் டப்பாவுக்குள் பேசுவதுபோல் எதிரொலிக்கும். ஃபிரேமுக்கு வெளியே, தரையிலும் வாசலிலும் கனத்த போர்வைகளைப் போட்டால் பெருமளவு அடங்கும்.

நடைபாதைக்கு ஒட்டுப்பலகை வாங்கினால் 1.2க்கு 2.4 மீட்டர் தகடாக வரும். புளோக்கின் லிப்டுக்குள் அது நுழையுமா என்று அளந்துவிட்டுப் போங்கள். கடையிலேயே 1.2க்கு 1.2 ஆக வெட்டி வாங்குவது நல்லது. இன்னும் இலேசாக வேண்டுமானால் விளம்பரப் பலகைக்குப் பயன்படும் நெளிவு பிளாஸ்டிக் அட்டை போதும். ஆறு பலகைகள், இரண்டு கதவு வளைவுகள், அவ்வளவுதான். நடிகை இரண்டு வளைவுகளைக் கடந்து போனதும் வெட்டுங்கள். பலகைகளின் வரிசையை மாற்றி, விளக்கின் நிறத்தை மாற்றி, எதிர்த்திசையில் நடக்கவிட்டால் அது வேறு தளம். இதற்காகவே பலகைகளில் எழுத்தையும் எண்ணையும் நிரந்தரமாக ஒட்டாதீர்கள், கழற்றி மாற்றும்படி வையுங்கள்.

பலகைமேல் ஒட்டும் உறுப்புகளுக்குப் பழைய அச்சுப்பொறி, கீபோர்டு, மின்சவரக் கருவி, வெற்றுப் பெட்டிகளின் உள்தட்டு எல்லாம் உதவும். பழைய சாமான் வாங்கும் கரங்குனிக்காரரிடம் கேளுங்கள், அக்கம்பக்கத்தாரிடமும் கேளுங்கள். ஒரே விதி, எந்தப் பொருளும் இன்னதென்று தெரியக்கூடாது. முட்டைத் தட்டு எவ்வளவு சாயம் பூசினாலும் முட்டைத் தட்டுதான். எல்லாவற்றையும் ஒட்டிய பிறகு ஒரே சாம்பல் நிற அடிப்பூச்சு அடியுங்கள். பத்துவிதப் பிளாஸ்டிக்கை ஒரே உலோகமாக்குவது அதுதான். தெர்மாக்கோல் இருந்தால் ஸ்பிரே டப்பா சாயத்தை நேரடியாக அடிக்காதீர்கள், அதிலுள்ள கரைப்பான் தெர்மாக்கோலைத் தின்றுவிடும். முதலில் வெள்ளைப் பசையை இரண்டு கை பூசி முழுதாகக் காயவிட்டு, அதன்மேல் நீரில் கரையும் அக்ரிலிக் சாயம் பூசுங்கள். கடைசியாக, கறுப்பு அக்ரிலிக்கை எட்டு மடங்கு நீரில் கரைத்துப் பூசி உடனே துணியால் துடைத்தால் இடுக்குகளில் மட்டும் அழுக்கு தங்கும். புதிதாகத் தெரியும் செட்டை நம்பவைப்பதைவிடப் பழையதாகத் தெரியும் செட்டை நம்பவைப்பது சுலபம்.

விளக்குக்கு எல்இடி நாடா. சிம் லிம் டவரில் நாடாவும் அடாப்டரும் இணைப்பிகளும் ஒரே இடத்தில் கிடைக்கும். இங்கே இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. முதலாவது, அடாப்டர் போதாமை. மீட்டருக்கு 60 விளக்குள்ள 5050 வகை நாடா மீட்டருக்கு 14.4 வாட் வரை இழுக்கும். ஐந்து மீட்டருக்கு 72 வாட், 12 வோல்ட்டில் 6 ஆம்பியர். சரியாக 6 ஆம்பியர் அடாப்டர் வாங்கினால் அது எல்லையிலேயே ஓடிச் சூடேறும், 8 ஆம்பியர் வாங்குங்கள். இரண்டாவது, ஒரு முனையில் மட்டும் மின்சாரம் கொடுத்தால் மறுமுனை மங்கி நிறமும் மாறும். இரு முனையிலும் கொடுங்கள். நாடாவுக்கு ஐந்து சென்டிமீட்டர் முன்னால் கேக் சுடும் வெண்தாளை மாட்டினால் புள்ளி புள்ளியாகத் தெரியாமல் ஒரே ஒளிப்பட்டையாகத் தெரியும். ஒளியைக் குறைக்க மலிவான டிம்மரை நம்பாதீர்கள். அது விளக்கை வேகமாக அணைத்து ஏற்றித்தான் மங்கச் செய்கிறது, கேமராவில் அது துடிப்பாகத் தெரியும். தாளை இரண்டாக மடித்தாலே ஒளி குறையும்.

துடிப்பு என்றதும் இன்னொன்று. சிங்கப்பூரின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். வீட்டு விளக்குகள் பல விநாடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. கைப்பேசியோ இயல்பாக விநாடிக்கு 30 ஃபிரேம் எடுக்கும், ஷட்டரை, அதாவது ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒளி படும் நேரத்தை, 1/60 விநாடி என்று வைத்துக்கொள்ளும். இரண்டும் பொருந்தாததால் படத்தில் பட்டைகள் ஊர்ந்து செல்லும். எடிட்டிங்கில் இதை எடுப்பது பெரும்பாடு. விநாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று பூட்டிவிடுங்கள். 24 ஃபிரேம்தான் வேண்டும் என்றாலும் ஷட்டர் 1/50 ஆகவே இருக்கட்டும். ஷட்டரைப் பாகையில் கேட்கும் செயலியில் அது 172.8. ஃபோக்கஸ், ஒளி அளவு, வெண்மைச் சமநிலை மூன்றையும் ஒவ்வொரு ஷாட்டுக்கும் பூட்டுங்கள். கைப்பேசியின் சொந்தக் கேமராச் செயலி ஃபிரேம் வேகத்தைத் தானே ஏற்றி இறக்கும். நீண்ட ஷாட்டில் குரல் உதட்டைவிட்டு விலகுவது அதனால்தான். இலவசமாகக் கிடைக்கும் பிளாக்மேஜிக் கேமராச் செயலியில் இவை எல்லாவற்றையும் கையால் அமைக்கலாம். வெயிலில் எடுக்கும் ஷாட் ஏதாவது இருந்தால் எஃப் 1.8 லென்ஸுக்கு, ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 50இல், 1/50 ஷட்டருக்கு என்டி64 வடிகட்டி, அதாவது ஒளியை 64இல் ஒரு பங்காகக் குறைக்கும் கண்ணாடி, வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் கைப்பேசி ஷட்டரை வேகமாக்கிவிடும், அசைவெல்லாம் வெட்டி வெட்டித் தெரியும்.

பச்சைத் திரையை வேண்டாம் என்றதற்குக் காரணம் இடம். திரையின் பச்சை நிறம் நடிகையின் தோளிலும் முடியிலும் படியாமலிருக்க அவர் திரைக்கு இரண்டு மீட்டர் முன்னால் நிற்க வேண்டும். திரைக்குத் தனி விளக்கு, அவருக்குத் தனி விளக்கு, அதற்கு முன்னால் கேமரா. வீவக வரவேற்பறையில் இது அடங்காது. கைப்பேசிக் காணொளி நிறத் தகவலைச் சுருக்கிச் சேமிப்பதால் முடியோரத்தில் பச்சை விளிம்பும் நிற்கும். அதற்குப் பதில் வீட்டில் இருக்கும் பெரிய தொலைக்காட்சியைச் செட்டின் பலகையில் வெட்டிய சன்னலுக்குப் பின்னால் வையுங்கள். நாசாவின் படங்கள் பெரும்பாலும் காப்புரிமை இல்லாமல் பயன்படுத்தக் கூடியவை, ஆனால் அதன் சின்னத்தைப் பயன்படுத்தக் கூடாது. அந்தப் படங்களை மிக மெதுவாக நகரும் காணொளியாக்கி ஓடவிடுங்கள். கோளின் ஒளி நடிகையின் கன்னத்தில் உண்மையாகவே விழும், கண்ணிலும் தெரியும். எந்த மென்பொருளும் இதை இவ்வளவு மலிவாகத் தராது. ஃபோக்கஸ் நடிகையிடம் இருக்கட்டும், தொலைக்காட்சி கூர்மையாகத் தெரிந்தால் திரையின் புள்ளிகளும் கேமராவின் புள்ளிகளும் மோதி அலையலையாகக் கோடு வரும். உங்கள் விளக்கு திரையின்மேல் பட்டால் விண்வெளியின் கறுப்பு சாம்பலாகிவிடும், ஒரு கறுப்பு அட்டையால் மறையுங்கள்.

முடிவில் வரும் விண்வெளிக் காட்சியை விட்டுவிட வேண்டியதில்லை. அங்கே இயற்பியல் உங்கள் பக்கம் நிற்கிறது. காற்றில்லாத இடத்தில் ஒளி சிதறாது. சூரியன் ஒன்றுதான் விளக்கு, நிழல் கூர்மையாகவும் கறுப்பாகவும் விழும். ஆகவே அறையின் மறுகோடியில் ஒரே ஒரு வலுவான சிறு விளக்கு போதும், மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். வெயிலில் நிற்கும் ஆளுக்கேற்ப ஒளியை அமைத்தால் பின்னணியில் நட்சத்திரம் தெரியாது. நிலவில் எடுத்த அப்போலோ படங்களில் வானம் வெறுமையாக இருப்பது அதனால்தான். உங்களுக்கு வேண்டியது வெறும் கறுப்பு. சாதாரணப் பருத்தித் துணி கேமராவில் சாம்பலாகத் தெரியும், ஒளியை விழுங்கும் கறுப்பு வெல்வெட் வேண்டும். அராப் ஸ்திரீட் துணிக்கடைகளில் கேளுங்கள், மூன்று மீட்டர் போதும். நடிகையைக் கயிற்றில் தொங்கவிடும் எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். அதற்குப் பயிற்சி பெற்றவர்கள் வேண்டும், விழுந்தால் முதுகெலும்பு. சுழல் நாற்காலியில் உட்கார வைத்து, இடுப்புக்கு மேலே மட்டும் ஃபிரேம் வைத்து, நாற்காலியை ஒருவர் அங்குலம் அங்குலமாகத் திருப்ப, கேமராவையும் சற்றுச் சாய்த்து விநாடிக்கு 50 ஃபிரேமில் எடுத்து 25இல் ஓட்டுங்கள். கைகள் எடையில்லாமல் அசைவதுபோல் இருக்கும்.

தலைக்கவசத்தின் முன்கண்ணாடியை மாட்டாதீர்கள். மாட்டினால் அறை முழுவதும் அதில் தெரியும், ஐந்தே நிமிடத்தில் மூச்சால் பனிக்கும். கண்ணாடி இருக்கிறது என்பதைப் புறவிளிம்பில் ஒட்டிய ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பட்டையின் மினுக்கமே சொல்லிவிடும். உள்ளே 5 வோல்ட் சிறு மின்விசிறி ஒன்று வையுங்கள், நடிகை தன் கையாலேயே கவசத்தைக் கழற்ற முடியவேண்டும், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கழற்றித் தண்ணீர் கொடுங்கள். நம் ஊர்ச் சூட்டில், ஏர்கானை நிறுத்திய அறையில், ரெயின்கோட் துணியில் தைத்த உடையோடு நிற்பது விளையாட்டில்லை.

ரோபோவுக்கு உடல் தேவையில்லை. நடைபாதையில் ஆங்காங்கே ஒரு மஞ்சள் விளக்கு, அது பேசும்போது சற்றே ஒளி கூடட்டும், அவ்வளவுதான். குரலுக்குக் கணினிக் குரல் வேண்டாம். நல்ல வானொலிக் குரலுள்ள ஒருவர் அவசரமில்லாமல் பேசினால் போதும்.

கலத்தின் திரைகளைப் பின்னர் கணினியில் சேர்க்காதீர்கள். இரண்டு நிமிடம் சுழலும் காணொளியாகத் தயாரித்து டேப்லெட்டில் ஓடவிட்டு நேரடியாகப் படமெடுங்கள். இரவல் டேப்லெட் இரண்டு இருந்தால் போதும், தானியங்கி ஒளிச் சரிசெய்தலையும் அறிவிப்புகளையும் அணைத்துவிடுங்கள். எழுத்து தமிழில் இருக்கட்டும். இதில் ஒரு பொறி உண்டு. பிளெண்டர் போன்ற முப்பரிமாண மென்பொருளில் தமிழைத் தட்டினால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கலாம், 'கொ' துண்டு துண்டாகச் சிதறலாம். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் தட்டி, எழுத்தை வடிவக் கோடுகளாக மாற்றி, அந்தக் கோப்பைப் பிளெண்டருக்குள் கொண்டுபோங்கள், ஒழுங்காக வரும். கதவின்மேல் உள்ள எச்சரிக்கையை நம் ஊர் அபாயப் பலகைபோல நான்கு மொழியிலும் எழுதிவிட்டால், இந்தக் கலத்தைக் கட்டியது யார் என்று எந்தப் பாத்திரமும் வாய்திறந்து சொல்லத் தேவையில்லை. சீனத்தையும் மலாயையும் அந்த மொழி தெரிந்தவரிடம் காட்டிச் சரிபாருங்கள்.

இந்தப் படத்தின் பெரும் பகுதி ஒலியில்தான் இருக்கிறது, உங்கள் கேள்வியில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. பார்ப்பவர் மங்கலான படத்தைப் பொறுத்துக்கொள்வார், குரல் கேட்காவிட்டால் எழுந்துபோவார். ஒரு நல்ல உடையொட்டு மைக்கும் ஒரு பதிவுக் கருவியும் நான்கு நாளுக்கு வாடகைக்கு எடுங்கள். பதிவின் அமைப்பு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல். ஏர்கான், மின்விசிறி, குளிர்பெட்டி மூன்றும் ஷாட்டின்போது அணைந்திருக்க வேண்டும். குளிர்பெட்டியைத் திரும்பப் போட மறக்காமலிருக்க வீட்டுச் சாவியை அதற்குள் வைத்துவிடுவது பழைய வழக்கம், நல்ல வழக்கம். ஈசூனில் செம்பவாங் விமானத்தளத்து ஹெலிகாப்டர் ஒலி வரும், விடியுமுன் குயில் தொடங்கிவிடும். விண்கலத்துக்குள் குயில் கூவினால் எல்லாம் போயிற்று. எனவே வசனக் காட்சிகளை இரவு எட்டு மணிக்குப் பிறகு வையுங்கள். ஒவ்வொரு இடத்திலும் யாரும் அசையாமல் 30 விநாடி வெறும் அறையின் ஒலியைப் பதியுங்கள். வெட்டுகளுக்கு இடையே அதை நிரப்பாவிட்டால் ஒவ்வொரு வெட்டும் காதில் இடறும்.

கலத்தின் ஒலியை வாங்கத் தேவையில்லை. சிம் லிம் டவரில் அதிர்வை மின்குறியாக்கும் 27 மில்லிமீட்டர் பீசோ வட்டு சில வெள்ளிக்குள் கிடைக்கும். அதில் 3.5 மி.மீ. கேபிளைப் பற்றவைத்து, பதிவுக் கருவியில் செருகி, துணி துவைக்கும் எந்திரத்தின் உடலிலும், குளிர்பெட்டியின் பின்புறத்திலும், தண்ணீர்க் குழாயிலும் டேப் போட்டு ஒட்டுங்கள். காற்று வழியாகக் கேட்காத உலோக முனகல் எல்லாம் வரும். சுருதியை ஒரு ஸ்தாயி இறக்கினால் எந்திர அறை, இரண்டு ஸ்தாயி இறக்கினால் கலத்தின் எலும்பே அசைவதுபோல் இருக்கும். இரண்டு இறக்கப்போகிறீர்கள் என்றால் பதிவையே 96 கிலோஹெர்ட்ஸில் செய்யுங்கள், பீசோ தரும் மேல் ஒலிகள் கூடுதலாகப் பதிவாகி, இறக்கிய பிறகும் ஒலி மந்தமாகாது. வெளிவேலைக் காட்சியில் இந்தத் தொடு ஒலி மட்டும் இருக்கட்டும். வெற்றிடத்தில் ஒலி பரவாது, அவள் கேட்பது உடை வழியாகக் கையிலேறும் அதிர்வும் தன் மூச்சும்தான்.

புகை எந்திரம் பற்றி ஒரு சொல். 2018 ஜூன் முதல் கட்டப்பட்ட வீடுகளில் புகை உணர்கருவி கட்டாயம். புகை போட்டால் அலறும். அதைக் கழற்றிவைக்கும் யோசனையும் வேண்டாம். ஈரப்பதமூட்டி ஒன்றின் மெல்லிய ஆவி, பின்னாலிருந்து வரும் ஒளியில், தேவையான அளவு தெரியும்.

அனுமதிகளில், வீட்டுக்குள்ளேயே எடுப்பதால் உங்களுக்குத் தொல்லை குறைவு. பொது நடைபாதையிலோ புளோக்கின் கீழ்த்தளத்திலோ எடுத்தால் நகர மன்றத்தைக் கேளுங்கள். எம்ஆர்டி (பெருவிரைவு ரயில்) நிலையம் என்றால் அதை நடத்தும் நிறுவனத்தைக் கேட்க வேண்டும். ட்ரோன் ஆசையை விடுங்கள். 250 கிராமுக்கு மேல் எடையிருந்தால் பதிவு வேண்டும், விமானத்தளத்துக்கு 5 கிலோமீட்டருக்குள் பறக்க அனுமதி வேண்டும், ஈசூன் அதற்குள்தான் வருகிறது. துப்பாக்கிபோல் தோன்றும் எதையும் கதையில் வைக்காதீர்கள். போலித் துப்பாக்கியும் காவல்துறைக் கட்டுப்பாட்டுக்குள் வரக்கூடும். படத்தைப் பொதுவில் திரையிடுமுன் தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் வகைப்பாடு பெற வேண்டும், திரையிடும் நாளுக்கு முன்னதாகவே விண்ணப்பியுங்கள்.

பணத்தை இப்படிப் பிரிப்பேன். எட்டுப் பேருக்கு நான்கு நாள் சாப்பாடு, தண்ணீர், தேநீர்: 640 வெள்ளி. இதில் கைவைக்காதீர்கள், சம்பளமில்லாமல் வருபவருக்கு நல்ல சாப்பாடாவது போடவேண்டும். நடிகர் இருவருக்கு நாளுக்கு 50 வீதம் 400. நள்ளிரவுக்கு மேல் எம்ஆர்டி இருக்காது, டாக்சிக்கு 50 விழுக்காடு கூடுதல் கட்டணமும் உண்டு, போக்குவரத்துக்கு 240. செட், உடை, விளக்கு எல்லாம் சேர்த்து 550. ஒலிக் கருவி வாடகை 350. இரண்டு வன்தட்டு 200. அனுமதி, அச்சு, சில்லறை 100. ஆகமொத்தம் 2,480. மீதி 520ஐத் தொடாமல் வையுங்கள், கடைசியில் ஒரு நாள் கூடுதலாக எடுக்க வேண்டியிருக்கும். அநேகமாக எல்லாப் படத்துக்கும் வேண்டியிருக்கிறது.

வன்தட்டு இரண்டு என்றது ஆடம்பரமல்ல. விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரப் பதிவு 45 ஜிகாபைட். பன்னிரண்டு நிமிடப் படத்துக்குப் பத்து மடங்கு எடுத்தால் 90 ஜிகாபைட். ஒவ்வோர் இரவும் இரண்டிலும் படியெடுத்து, சில கோப்புகளைத் திறந்து ஓட்டிப் பார்த்த பிறகே கைப்பேசியில் அழிக்க வேண்டும். இரண்டு தட்டும் ஒரே வீட்டில் இருக்கக்கூடாது.

எடிட்டுக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு போதும். அதில் இரைச்சல் நீக்கும் வசதி கிடையாது, ஆகவே இருட்டில் ஐஎஸ்ஓவை ஏற்றி எடுத்துவிட்டு பிறகு சரிசெய்யலாம் என்று எண்ணாதீர்கள். இருட்டாகத் தெரியவேண்டிய காட்சிக்கும் போதிய விளக்குப் போட்டு எடுத்து, நிறத்திருத்தத்தில் இறக்குங்கள். ஆங்கில வசனவரிகளை எடிட் முடிந்த பிறகு எழுதாமல் திரைக்கதையோடு சேர்த்தே எழுதிவிடுங்கள். சிங்கப்பூர் அனைத்துலகத் திரைப்பட விழாவின் தென்கிழக்காசியக் குறும்படப் போட்டி போன்ற இடங்களில் உங்கள் படத்தைப் பார்ப்பவர் பலருக்கும் அந்த வரிகள்தான் வசனம்.

முதல் வார இறுதிக்கு முன்னால் ஒரு மாலையை ஒதுக்கி, ஒரு பலகை, ஒரு நாடா விளக்கு, தொலைக்காட்சி, மைக் எல்லாவற்றையும் வைத்து அரை நிமிடக் காட்சி ஒன்றை எடுத்து, எடிட் செய்து, பெரிய திரையில் நல்ல ஒலியோடு ஓட்டிப் பாருங்கள். பட்டை, எதிரொலி, சாம்பல் நிறக் கறுப்பு எல்லாம் அன்றே தெரிந்துவிடும். பலகைகளுக்கு மீதிச் சாயத்தை அதன் பிறகு வாங்கலாம்.